மலிவுக் காணியும் மறைந்திருக்கும் செலவும்

கோடை நெருங்கும் காலங்களில் எம்மவர் கூடும் இடங்களில் ஒரு பேச்சு அடிபடுவதைக் கேட்கின்றோம். ரொறன்ரோ மாடிக் குடியிருப்பொன்றின் கார்த் தரிப்பிடத்துக்குக் கொடுக்கும் பணத்தில், ஒன்ராறியோவின் வடக்கே பத்து ஏக்கர் காடு வாங்கலாமாம். அதிலே ஒரு ட்ரெயிலரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், கோடை முழுவதும் பிள்ளைகளோடு போய்த் தங்கலாமாம்.

ஓர் ஏக்கர் என்பது யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு. பத்து ஏக்கர் 160 பரப்பாகின்றது. பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து, மாடி வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்து வந்த குடும்பங்களுக்கு, ‘எங்கள் காணி’ என்று சொல்லிக் காலூன்ற ஓரிடம் வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதனை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கூறுவது எமது கடமை. காணி மலிவாக விற்கப்படுமாயின் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அங்கே வழி இராது. அல்லது அனுமதி இராது. அல்லது மண் இராது.

முதலில் வழியைப் பார்ப்போம். வழி வாய்க்கால் உரிமையும் கிணற்றுப் பங்கும் எழுதப்படாத உறுதியை எமது பெற்றோர் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். அந்த எச்சரிக்கை இங்கும் வேண்டும். பழைய நில அளவையாளர்கள் 66 அடி அகலத்தில் தெருவுக்கென ஒதுக்கிய நிலம் வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியும். நேரில் சென்றால் அங்கே சதுப்பும் மரமுமே நிற்கும். நகராட்சி அதனைத் திறந்து செப்பனிடக் கடமைப்பட்டதன்று. வேறு சில காணிகளுக்குப் படகில் மாத்திரமே போகலாம். இன்னும் சிலவற்றுக்கு அயலவர் நிலத்தைக் கடந்தே போகவேண்டும். அக்கடவையுரிமை பதிவு செய்யப்பட்டிராவிடின் அயலவரோடு தகராறு எழலாம். ‘பருவகாலத் தெரு’ என வகுக்கப்பட்ட பாதைகளில் மாரியில் பனி அகற்றப்படமாட்டாது.

இரண்டாவது அனுமதி. காணி எம்முடையது என்பதனால் அதில் ட்ரெயிலர் நிறுத்தும் உரிமையும் எம்முடையதாகிவிடாது. வெறுங்காணியில் ட்ரெயிலரில் தங்குவதைப் பல நகராட்சிகள் முற்றாகத் தடுக்கின்றன. சில, வீடு கட்டும் காலத்துக்கு மட்டும் இடமளிக்கின்றன. வேறு சில ஆண்டுதோறும் கட்டணம் பெற்று உரிமம் வழங்குகின்றன. விதியை மீறினால் தண்டமும் அகற்றும் கட்டளையும் வரும். அல்கோமா, சட்பரி, கெனோரா மாவட்டங்களில் நகராட்சியே இல்லாத பகுதிகள் பரந்துள்ளன. ‘அங்கே ஒரு சட்டமும் இல்லை’ என்று தரகர் சொல்லக்கூடும். அதனை நம்பவேண்டாம். சில இடங்களில் திட்டமிடல் சபையின் கட்டுப்பாடு உண்டு. கழிவுநீர் அமைப்புக்கான மாகாண விதிகளோ எங்கும் செல்லும்.

மூன்றாவது மண். வடக்கின் பெரும்பகுதி பழம்பாறைத் தட்டு. பாறைமேல் சில அங்குல மண்ணே கிடக்கும் இடங்களில் கழிவுநீர்க் குழி அமைக்க வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டவேண்டும். கிணறு துளைப்பதற்கும், தொலைவிலுள்ள தெருவிலிருந்து மின்கம்பி இழுப்பதற்கும் ஆகும் செலவு காணியின் விலையையே விஞ்சிவிடலாம். இயற்கைப் பாதுகாப்பு அதிகாரசபையின் எல்லைக்குட்பட்ட சதுப்பு நிலமோ வெள்ளம் ஏறும் தாழ்நிலமோ ஆயின், அதன் அனுமதியின்றி அங்கே மண் நிரப்பவும் முடியாது.

வரி நிலுவைக்காக நகராட்சிகள் விற்கும் காணிகளைப் பற்றியும் பலர் வினவுகின்றனர். ஒன்ராறியோவின் 2001ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின்படி, நிலுவைச் சான்றிதழ் பதியப்பட்ட பின்னர் கடனைத் தீர்க்க உரிமையாளருக்கு ஓராண்டு தவணை உண்டு. அதன் பின்னரே கேள்விப்பத்திரத்தாலோ ஏலத்தாலோ விற்பனை நடைபெறும். கேள்விப்பத்திரத்துடன் 20 வீத வைப்புப் பணம் கட்டவேண்டும். வெற்றி பெற்றவர் மீதியை 14 நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் வைப்புப் பணம் போய்விடும். காணியின் எல்லைக்கோ உறுதியின் தூய்மைக்கோ நகராட்சி பொறுப்பேற்காது. நிலத்தடிக் கனிம உரிமை வேறொருவரிடம் இருக்கும் காணிகளும் வடக்கில் உண்டு. சட்டத்தரணி கொண்டு பதிவேட்டை ஆராயாமல் இவ்விற்பனையில் இறங்குவது ஆபத்தானது.

மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதும் எம்மவர் வழக்கம். உறுதியில் எவ்வாறு பெயர் பதிகின்றோம் என்பதில் கவனம் வேண்டும். கூட்டுரிமையாகப் பதிந்தால் ஒருவர் இறந்ததும் அவரது பங்கு மற்றைய உரிமையாளருக்கே போகும். அவரது மனைவி மக்களுக்குப் போகாது. தனித்தனிப் பங்குரிமையாகப் பதிந்தால் பங்கு அவரவர் வாரிசுகளைச் சேரும். வரியை யார் கட்டுவது, ஒருவர் விலக விரும்பினால் பங்கை என்ன விலைக்குக் கொடுப்பது என்பனவற்றை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அகதிக் கோரிக்கை இன்னும் தீர்க்கப்படாதவர்கள், தமது நிலையில் காணி வாங்குவதற்குத் தடை ஏதும் உண்டா என்பதையும் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

வாங்குமுன் ஒரு கோடையாவது பழகிப் பார்க்கலாம். ஒன்ராறியோவின் அரச காணிகளில், தடை அறிவித்தல் இல்லாத இடங்களில், கனடாவில் வதிவோர் ஓரிடத்தில் ஆண்டுக்கு 21 நாட்கள் வரை கட்டணமின்றிக் கூடாரமிட்டோ ட்ரெயிலரிலோ தங்கலாம். குடியுரிமை இல்லாதவர்களும், கடந்த 12 மாதங்களில் ஏழு மாதங்களேனும் இங்கு வாழ்ந்திருந்தால் வதிவோராகவே கொள்ளப்படுவர். மே, யூன் மாதங்களில் கருஈக்களின் கடியை ஒருமுறை அனுபவித்த பின்னரும், ஐந்தாறு மணிநேரம் வண்டியோட்டி வந்த பின்னரும் ஆசை குறையாவிடின், அது நிலையான ஆசைதான்.

அப்போதும் முற்பணம் கொடுக்கும் முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். காணியின் வரிப்பதிவு இலக்கத்தைக் கூறி, ட்ரெயிலர் நிறுத்தலாமா என்று நகராட்சியிடம் எழுத்தில் பதில் பெறுங்கள். பனி உருகி நீர் தேங்கும் இளவேனிலில் நேரில் சென்று காணியை நடந்து பாருங்கள். வழி, அனுமதி, கழிவுநீர் ஆகிய மூன்றும் சரிவந்தாலன்றி விற்பனை செல்லாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். இவற்றுக்கு விற்பவர் இணங்க மறுத்தால், அந்தக் காணியை விட்டு வேறு காணி பாருங்கள். இரவுபகலாக இரு வேலை செய்து சேர்த்த பணம், கால்வைக்க முடியாத காட்டில் முடங்கிவிடக் கூடாது.