மச்சினன் லோடு வண்டி வாங்கப் போகிறாரா? கையெழுத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம்!

"மாமா, ஒரே ஒரு கையெழுத்து. நீங்க மாசச் சம்பளக்காரர். உங்க பே-ஸ்லிப்பைக் காட்டினா பைனான்ஸ்காரன் கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துடுவான்!"

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வட்டாரத்தில் ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர் கொடுத்து வைத்தவர். மச்சினன் இல்லாவிட்டால் சித்தப்பா பையன். அவனும் இல்லாவிட்டால் ஒன்றாம் கிளாஸிலிருந்து கூடப் படித்த சிநேகிதன். வாங்கப் போவது லோடு வண்டி. ஜாமீன் போடப் போவது நீங்கள்.

'ஜாமீன்தானே, பேருக்குத்தானே' என்று நினைத்துப் பேனாவை எடுக்காதீர்கள். 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கினவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. தவணை நின்றால் கதவைத் தட்டுகிற ஆள் மச்சினன் வீட்டோடு நிற்க மாட்டார். உங்கள் வீட்டுக்கும் வருவார்.

அதற்காக 'முடியாது' என்று சொல்லிக் குடும்பத்தில் குழப்பத்தை உண்டாக்கச் சொல்லவில்லை. வண்டி ஓடினால் தவணை ஓடும். தவணை ஓடினால் உங்கள் சம்பளம் தப்பும். ஆகவே, எந்த வண்டி, எதற்கு வண்டி, மேலே போடுவது என்ன தார்ப்பாய் என்று கேட்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. கேளுங்கள்!

அமெரிக்க ஆசை ஆகாது

முதலில் மச்சினனின் செல்போனை வாங்கிப் பாருங்கள். அதில் ஃபோர்டு எஃப்-150 படம் இருந்தால் கொஞ்சம் உஷார். அமெரிக்காவில் எஃப் வரிசை பிக்கப்புகளுக்கு ஏக மவுசு. 1977-லிருந்து அங்கே அதிகம் விற்கிற டிரக் அதுதான். ஆனால் நாலு கதவு வைத்த எஃப்-150 எத்தனை நீளம்? சுமார் 19 அடி. சரக்கு வைக்கிற தொட்டி? பல வண்டிகளில் ஐந்தரை அடி! மிச்சமெல்லாம் முதலாளி காலை நீட்டி உட்காருவதற்கு.

அங்கே வெளிநாட்டுக் குட்டி லாரிகள் ஏன் அதிகம் தலைகாட்டவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு கோழிக் கதை உண்டு. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பியர்கள் வரி போட்டார்கள். கோபம் வந்த அமெரிக்கா, 1964-ல் வெளிநாட்டு இலகு ரக லாரிகளுக்கு 25 சதவிகித வரியைத் தீட்டியது. கோழிச் சண்டை மறந்து போன பிறகும் வரி பல பத்தாண்டுகள் நின்றது. கோழிக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்திச் சண்டைகளில் மட்டும் சம்பந்தமா இருக்கிறது?

நம் ஊரில் அந்த மாதிரிப் பந்தா வேண்டுமென்றால் இசுஸு வி-க்ராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் உண்டு. விலை 20 லட்சத்துக்கு மேல். தொட்டி என்னவோ ஐந்தடி சொச்சம்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஜோராக இருக்கும். லுங்கி பேல் ஏற்ற உதவாது.

குட்டி யானை வந்த கதை

2005 மே மாதம் டாடா கம்பெனி 'ஏஸ்' வண்டியை இறக்கியது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரை சக்தி. முக்கால் டன் தாங்கும். நீளம் பன்னிரண்டரை அடி. அதில் ஏழடிக்கு மேல் தொட்டி! எஃப்-150-ஐயும் இதையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் யாருக்கு வேலை தெரியும் என்பது புரிந்துவிடும். வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். நாம் 'குட்டி யானை' என்றோம். கம்பெனி வைத்த பெயரை விட ஊர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் 'தோஸ்த்' (இந்தியில் சிநேகிதன் என்று அர்த்தம்), ஒன்றேகால் டன். 2016-ல் மாருதி 'சூப்பர் கேரி', பெட்ரோலில் 740 கிலோ, சி.என்.ஜி. என்றால் 625 கிலோ. காஸ் சிலிண்டரின் கனத்தையும் வண்டிதானே சுமக்க வேண்டும்! 2019-ல் டாடா 'இன்ட்ரா', ரகத்துக்குத் தக்கபடி 1 டன்னிலிருந்து 1.7 டன் வரை. மஹிந்திரா 'பொலிரோ பிக்கப்' குடும்பத்தில் 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை. பெரிய பிக்கப்பில் தொட்டி ஒன்பதடி. 2025-ல் 'ஏஸ் ப்ரோ' வந்தது. மறுபடி முக்கால் டன். அதே வருடம் செப்டம்பர் 22-லிருந்து சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாக இறங்கியது. பழைய விலைப் பட்டியலை வைத்துக் கொண்டு யாராவது பேசினால் ஏமாந்து விடாதீர்கள்.

தொட்டி நிறைந்தால் போதுமா?

'எது நல்ல வண்டி?' என்று கேட்பது தப்புக் கேள்வி. 'என்ன சரக்கு?' என்பதுதான் சரியான கேள்வி.

ஒன்பதடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. கணக்குப் போட்டால் 74 கன அடி. இதில் குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்த லுங்கிகளைத் தலைக்கு மேல் அடுக்கினாலும் இஞ்சின் முனகாது. அதே தொட்டியில் மணலை விளிம்பு வரை கொட்டுங்கள். எடை 3.3 டன்! ஒன்றரை டன் வண்டிக்கு இரண்டு மடங்குக்கு மேல். செங்கல்? ஒன்று 3 கிலோ என்று வைத்தால் 500 கல்லிலேயே ஒன்றரை டன் முடிந்தது. தொட்டியோ பாதிகூட நிறைந்திருக்காது. "இன்னும் எடம் இருக்கே முதலாளி" என்று மேஸ்திரி சொல்வார். எடம் இருக்கும், பட்டை ஸ்பிரிங் இருக்காது.

பண்ருட்டிப் பலாப்பழம் நடுவாந்தரம். பழம் 10 கிலோ என்றால் நூறு பழம் ஒரு டன்.

ஆக, துணி, பஞ்சு, காலி அட்டைப் பெட்டி மாதிரி இடத்தை அடைக்கிற சரக்கென்றால் நீளத் தொட்டி வேண்டும். கல், மணல், சிமென்ட் என்றால் நீளம் முக்கியமில்லை. தாங்கும் எடை முக்கியம். ஊருக்குள்ளேயே கடைக்குக் கடை நின்று போகிற வேலையா? குட்டி யானை போதும், சந்துக்குள் திரும்பும். நெய்வேலி தாண்டி, பண்ருட்டி தாண்டி நெடுஞ்சாலை ஓட்டமா? அப்போது தோஸ்த், இன்ட்ரா, பிக்கப் பக்கம் போகலாம்.

3,000 கிலோக் கோடு

ஷோரூமில் கலரைப் பார்க்கிற நேரத்தில் ஒரு நம்பரைப் பாருங்கள். மொத்த எடை. அதாவது வண்டி, சரக்கு எல்லாம் சேர்த்து. அது 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவின்படி சரக்கு பர்மிட் தேவையில்லை. பத்து கிலோ தாண்டினாலும் பர்மிட், அதற்கான அலைச்சல், புதுப்பிப்பு. ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி வண்டியில் ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும்.

லைசென்ஸ் விஷயத்தில் நிம்மதி. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. எஃப்.சி.யை முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம் எடுக்க வேண்டும்.

ஓவர்லோடு அடித்தால்? 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய், சரக்கை இறக்குகிற கூலியும் நம் தலையில் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஒரு நடைக்கு வருகிற வாடகையை நினைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

ராத்திரி தூக்கக் கணக்கு

பெரிய வண்டிக்கு 7 லட்சம் கடன் என்று வைத்துக் கொள்வோம். வட்டி 11 சதவிகிதம், நாலு வருடம். மாதத் தவணை சுமார் 18,100 ரூபாய். சின்ன வண்டிக்கு 4 லட்சம் என்றால் அதே வட்டி, அதே நாலு வருடம், மாதம் சுமார் 10,340. வித்தியாசம் 7,750. மாதம் 25 நாள் ஓடினால் தினம் 310 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால்தான் பெரிய வண்டி சின்ன வண்டியோடு சமம். டயர், டீசல், இன்ஷூரன்ஸ் இதில் சேரவில்லை.

மச்சினனைக் கேளுங்கள்: "மாப்ள, அந்த 310 ரூபாய் எங்கேயிருந்து வரும்?"

"வந்துரும் மாமா" என்றால் சின்ன வண்டிக்குக் கையெழுத்துப் போடுங்கள். "செவ்வாயும் வெள்ளியும் ரெண்டு நடை கூடுதலா வருது, பார்ட்டிகிட்ட பேசிட்டேன்" என்றால் பெரியதைப் பற்றிப் பேசலாம்.

தார்ப்பாயில் கஞ்சத்தனம் கூடாது

ஏழு லட்சத்துக்கு வண்டி வாங்குகிற ஆசாமி தார்ப்பாய் கடையில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவார். தீபாவளிச் சரக்கு கிளம்புகிற நேரமும் ஐப்பசி அடைமழையும் ஒன்றாக வருகிற ஊர் இது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 நவம்பரில் பெருமழை, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று கடலூர் மாவட்டம் பார்க்காத மழை இல்லை. இன்னொன்று: வண்டி இன்ஷூரன்ஸ் என்பது வண்டிக்குத்தான். நனைந்து சாயம் ஒட்டிப் போன லுங்கி பேலுக்கு அது ஒரு பைசா தராது. சரக்குக்காரர் வாடகையைப் பிடித்துக் கொள்வார். அடுத்த நடைக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார். தவணை நிற்கிற கதை பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

மூன்று ரகம் உண்டு. மெழுகு போட்ட கித்தான்: காற்றோட்டம் இருக்கும், பழத்துக்கு நல்லது. ஆனால் கனம். நனைந்தால் இன்னும் கனம். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். நனைந்த கித்தானில் உள்ளிருந்து சரக்கு உரசினால் அந்த இடத்தில் ஒழுகும். பிளாஸ்டிக் நெசவுத் தார்ப்பாய்: லேசு, விலை குறைவு, வெயிலில் காய்ந்தே நைந்து போகும். பி.வி.சி. பூசியது: விலை அதிகம், உழைப்பும் அதிகம். துணிச் சரக்குக்காரர் பி.வி.சி. பக்கம் போவது நல்லது.

அளவு எப்படி? தொட்டி ஒன்பதுக்கு ஐந்தரை. நாலு பக்கமும் மூன்றடி தொங்க வேண்டும். 9 கூட்டல் 6, பதினைந்து. ஐந்தரை கூட்டல் 6, பதினொன்றரை. ஆக 15-க்கு 12 வாங்குங்கள்.

பிளாஸ்டிக் ரகத்தில் கடைக்காரர் '200 ஜி.எஸ்.எம்.' என்பார். ஒரு சதுர மீட்டர் 200 கிராம் இருக்கும் என்று அர்த்தம். நம்ப வேண்டியதில்லை, தராசைக் கேளுங்கள். 15-க்கு 12 என்பது 180 சதுர அடி, கிட்டத்தட்ட 16.7 சதுர மீட்டர். 200 ஜி.எஸ்.எம். என்றால் 3.3 கிலோ இருக்க வேண்டும். இரண்டரை கிலோ காட்டினால் அது 150 ஜி.எஸ்.எம். சரக்கு. கடைக்காரர் முகத்தைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

கட்டுவதில்தான் இருக்கிறது

நல்ல தார்ப்பாயும் தொளதொளவென்று கட்டினால் காற்றில் படபடவென்று அடித்தே கிழியும். மழைத் தண்ணீர் நடுவில் குளம் கட்டாமல் இருக்க, சரக்கின் நடு உச்சியில் நீளவாக்கில் ஒரு மூங்கிலைப் போடுங்கள். கூரை மாதிரி இரண்டு பக்கமும் வழியும். இரண்டு தார்ப்பாய் போட்டால் முன்பக்கத்தது பின்பக்கத்ததன் மேல் ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் காற்று உள்ளே புகுந்து தூக்கிவிடும். கயிறு வளையத்தில் உரசுகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டு சுற்றினால் கயிறும் பிழைக்கும், வளையமும் பிழைக்கும்.

மழை விட்டதும் தார்ப்பாயை விரித்துக் காயவைத்து மடிக்கிறவன் தவணையை நிறுத்துவது அபூர்வம். வண்டியை எப்படிப் பார்த்துக் கொள்ளப் போகிறான் என்பது அந்த ஒரு பழக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே ஜாமீன் போடுமுன் பைனான்ஸ்காரர் உங்கள் பே-ஸ்லிப்பைப் பார்க்கட்டும். நீங்கள் கொல்லைப்புறம் போய், மச்சினன் தன் பழைய டூ-வீலருக்கு உறை போட்டிருக்கிறானா என்று பாருங்கள்!