நண்பன் என்ற படத்தைத் தொடும் விரல்

மற்றமையோடு உரையாடுவது பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். உரையாடல் எதற்காக என்ற கேள்வியைத்தான் வசதியாக மறந்துவிடுகிறோம். எனக்கு அதை ஞாபகப்படுத்தியது ஒரு கணினி விளையாட்டு. 1988இல் பிரான்சில் வெளியான ‘கேப்டன் ப்ளட்’. அட்டாரி எஸ்டி கணினிக்காக ஃபிலிப் உல்ரிச்சும் திதியே புஷோனும் செய்தது. அந்தக் கணினியைப் போலவே இயங்கும் மென்பொருள் ஒன்றில் சமீபத்தில் விளையாடிப் பார்த்தேன்.

கதை இதுதான். விளையாட்டு வடிவமைப்பாளன் ஒருவன் தன் விளையாட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, விபத்தில் முப்பது நகல்களாகிவிடுகிறான். நகல்கள் அவனது உயிர்ச்சாற்றைக் கொண்டுபோய்விட்டன. மிச்சமுள்ள ஐந்தையும் தேடி அழிக்காவிட்டால் அவன் காலி. 32,768 கோள்கள், மிகச் சிலவற்றில்தான் உயிரிகள். ஒவ்வொன்றாகத் தேடி மாளாது, கேட்டுத்தான் போகணும்.

கேட்பதற்கு ‘அப்காம்’ என்றொரு மொழி. நூற்றுக்கு மேல் சிறு படங்கள். படத்துக்கு ஒரு சொல். நான், நீ, வேண்டும், நண்பன், கொல். விகுதி கிடையாது, வேற்றுமை உருபு கிடையாது. வரிசையாக அடுக்க வேண்டியதுதான். வேற்றுக்கோள் உயிரியும் அதே படங்களில்தான் பதில் சொல்கிறது. ‘பொதுமொழி’ என்பது இங்கே கப்பலோடு வந்த மொழி. நம் குறிகளுக்குள் வந்தால்தான் மற்றமைக்கு வாய் உண்டு.

இதை அதிகாரத்தின் பிரதி என்று சொல்லி மூடிவிடலாம். ஆனால் பிரதி அவ்வளவு லேசாக மடங்கவில்லை. உயிரிகள் பேரம் பேசுகின்றன, மழுப்புகின்றன. எடுத்த எடுப்பில் முகவரி கேட்டால் தருவதில்லை. நேரம் போகப்போக உயிர்ச்சாறு குறைந்து திரையில் தெரியும் கை நடுங்குகிறது. அந்த விரலால்தான் படங்களைத் தொட வேண்டும். ஒரு சொல்லை நினைத்தால் பக்கத்துச் சொல்லில் விழுகிறது. பேசுகிறவனின் தேவையே பேச்சைக் குலைக்கிறது.

இத்தனை இனங்களோடு பேசி அவன் தேடுவது யாரை? தன்னையேதான். மற்றமை அவனுக்கு வெறும் முகவரிப் புத்தகம்.

நானும் அப்படித்தான் விளையாடினேன். ‘நண்பன்’ என்ற படத்தை எத்தனை தடவை தொட்டிருப்பேன்! முகவரி கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். அந்தக் கோள்களுக்குத் திரும்பிப் போகவே இல்லை. கூட்டங்களில் ‘தோழர்’ என்று ஆரம்பித்து, கையெழுத்தையும் புள்ளிவிவரத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்புகிற நமக்கு இந்தப் பயணம் ஒன்றும் புதிதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு: நம் கை நடுங்குவதில்லை.