கூட்ஸ் வண்டிக்கும் ஒரு 'ஃபாஸ்டேக்'!

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி கடந்தால், பெட்டிகளை எண்ணாமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு வேகனிலும் 11 இலக்க எண் உண்டு. 5, 6-வது இலக்கங்கள் அது தயாரான ஆண்டு. இதை ஊழியர்கள் பார்த்துத்தான் குறித்துவந்தார்கள். மழையில், இருட்டில் ஒரு இலக்கம் பிசகினால், யாரோ ஒரு வியாபாரியின் சரக்கைத் தேட வேண்டியதுதான்.

அதனால் வேகன்களில் ஆர்.எஃப்.ஐ.டி டேக் பொருத்துகிறது ரயில்வே. சமயபுரம் டோல்கேட்டில் காரை அடையாளம் காணும் ஃபாஸ்டேக்கின் நெருங்கிய சொந்தம் இது. பேட்டரி கிடையாது. தண்டவாளத்திலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி நிற்கும் ரீடரின் ரேடியோ அலையே இதற்குச் சக்தி. வண்டி ஓடும்போதே எண் பதிவாகிவிடும். ஆனால், கார் கண்ணாடி ஸ்டிக்கரை இரும்பில் ஒட்டினால் வேலைக்கு ஆகாது. உலோகத்துக்கென்றே செய்த டேக் வேண்டும்.

1928 முதல் இயங்கும் பொன்மலை பணிமனைக்குப் பழுதுபார்க்க வேகன்கள் வருகின்றன. எது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தானே வரவழைக்க முடியும்? பெயின்ட் எண்ணும் அப்படியே இருக்கிறது. டேக் மக்கர் செய்தால், மறுபடியும் கண்தான்!