காந்திகிராமத்துத் தம்பதிகளும் கருத்துப் பொருத்தக் கணக்கும்

வரன் தேடித் தரும் செயலிகள் இப்போது கருத்துப் பொருத்தத்தையும் சதவீதத்தில் சொல்கின்றன. எதிரெதிர் துருவங்கள்தானே ஈர்க்கும் என்று கேட்பவர்களும் உண்டு. மனிதர்கள் விஷயத்தில் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஒத்த கருத்துள்ளவரையே மனம் நாடுகிறது. ஆனால் நம் ஊர்களில் சாதியும் வசதியும் பார்த்தே பெரும்பாலான திருமணங்கள் நடப்பதால், இழுத்தது கருத்தா பின்புலமா என்று பிரித்தறிவது கடினம். அதனாலேயே திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம் என்ற கிராமப்பணி நிறுவனம் முக்கியமாகிறது. 1947-ல் அதைத் தொடங்கிய டாக்டர் சௌந்திரம், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்தவர். அவருடன் சேர்ந்து அதைக் கட்டியெழுப்பிய ஜி. ராமச்சந்திரன் கேரளத்தவர். இருவரும் மணக்க விரும்பியபோது, ஓராண்டு பிரிந்திருந்து பாருங்கள் என்றார் காந்தி. பிரிந்திருந்தும் மனம் மாறாமல் 1940-ல் மணந்துகொண்டார்கள். சௌந்திரத்தின் ஆதரவில் படித்த கிருஷ்ணம்மாள், பட்டிவீரன்பட்டிப் பக்கத்து நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1950-ல் அவரை மணந்த ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை. இரண்டு இணைகளிலும் பின்புலம் விலக்கியது, காந்தியக் கொள்கை சேர்த்தது.

ஒரே இயக்கத்தில் பழகியதால் வந்த நெருக்கம்தானே, கருத்து பிறகு ஒத்துப்போயிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இரண்டு தம்பதிகளை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதற்கு ஒரு சோதனை வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தியடோர் நியூகோம் முன்பின் அறியாத மாணவர்களை ஒரே விடுதியில் தங்கவைத்து, அவர்கள் வருவதற்கு முன்பே கருத்துகளைக் கேட்டு வைத்துக்கொண்டார். முதல் வாரங்களில் அறை அருகாமை நட்பைத் தீர்மானித்தது. போகப் போக, முன்பே பதிவான கருத்தொற்றுமை மேலோங்கியது. 1961-ல் வெளிவந்த முடிவு இது.

அதே ஆண்டில் மற்றோர் உளவியலாளர் டான் பைர்ன் வெளியிட்டது இன்னும் அழகான சோதனை. மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்கினார். பிறகு, வேறொருவர் நிரப்பியது என்று ஒரு படிவத்தைக் காட்டினார். உண்மையில் அதை நிரப்பியவர் ஆய்வாளர். முகமும் குரலும் இல்லாத அந்த அந்நியரை, கருத்து ஒத்திருந்தால் மாணவர்களுக்குப் பிடித்துப்போனது. திண்டுக்கல் பூட்டுக்குள் சாவி ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கவேண்டும். ஒன்று தூக்காவிட்டாலும் திறக்காது. மனித மனம் பாதி லீவர்கள் தூக்கினால் பாதி திறக்கிற பூட்டு! 1965-ல் பைர்னும் டான் நெல்சனும் காட்டியது இதைத்தான்: எத்தனை கருத்துகள் ஒத்தன என்பதல்ல, மொத்தத்தில் எந்த விகிதம் என்பதே கணக்கு. நான்கில் இரண்டும் பதினாறில் எட்டும் ஏறத்தாழ ஒரே அளவு பிடித்தத்தைத் தருகின்றன.

ஏன் இப்படி? என்னை மிகவும் கவர்ந்த விளக்கம் ஒரு சிறு ஊகத்தைப் பற்றியது: ‘இவர் என்னைப் போலவே நினைக்கிறார், அப்படியானால் இவருக்கு என்னைப் பிடிக்கும்.’ 1988-ல் காண்டனும் கிரானோவும் இந்த எதிர்பார்ப்பைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, கருத்தொற்றுமையின் நேரடிப் பங்கு பெரிதும் சுருங்கியது. மறுப்பும் உண்டு. ஒற்றுமை ஈர்ப்பதில்லை, வேற்றுமைதான் விலக்குகிறது என்று 1986-ல் ரோசன்பாம் வாதிட்டார். வேற்றுமை விலக்குவது உண்மை. ஆனால் பின்னர் நடந்த சோதனைகளில் ஒற்றுமையின் ஈர்ப்பும் தனியே தெரிந்தது.

செயலிகள் சொல்லும் சதவீதத்தை நான் நம்பாததற்கு வலுவான காரணம் 2008-ல் வந்த மொந்தோயா குழுவின் தொகுப்பாய்வு. அது 313 ஆய்வுகளைச் சேர்த்தது. ஏற்கெனவே உள்ள உறவுகளில், உண்மையான ஒற்றுமை ஈர்ப்பை முன்கூட்டிச் சொல்லவில்லை. ‘நாம் ஒரே மாதிரி’ என்ற உணர்வு சொன்னது. அந்த உணர்வு இருவரும் பழகப் பழக உருவாவது. சந்திப்பதற்கு முன் நிரப்பும் படிவத்தில் அதை அளக்க வழியில்லை.