பதில் தராதோர் யார்?

வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பு வெளியாகும்போது எத்தனை பேர் பதிலளித்தனர் என்றே நாம் பார்க்கிறோம். யார் பதிலளிக்கவில்லை என்று கேட்பதில்லை.

1936 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன், ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. சுமார் 24 லட்சம் சீட்டுகள் திரும்பின. லாண்டன் வெல்வார் என இதழ் கணித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் கைப்பற்றினார்.

பிழை இரண்டு இடங்களில் நேர்ந்தது. முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மகிழுந்துப் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டன; பெருமந்தக் காலத்தில் இவ்விரண்டும் இல்லாத ஏழைகள் தொடக்கத்திலேயே விடுபட்டனர். சீட்டு அனுப்பப்பட்டோரிலும் நான்கில் மூவர் மறுமொழி தரவில்லை. தந்தோரில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்தோரே மிகுந்திருந்தனர். பல பிரிவினரும் இடம்பெற்ற, மிகச் சிறிய மாதிரியைக் கொண்டே ஜார்ஜ் காலப் ரூஸ்வெல்ட்டின் வெற்றியை முன்னறிவித்தார்.

எண்ணிக்கை பெருகுவதால் சாய்வு நேராகிவிடாது. இன்று செயலி வழியே கருத்துக் கேட்கப்படும்போது, திறன்பேசி இல்லாதோரும், குறை சொல்லிப் பயனில்லை எனக் கசந்தோரும் கணக்கில் வருவதில்லை. அவர்களது மௌனம் மனநிறைவாகக் காட்டப்படுகிறது. எனவே எந்த விழுக்காட்டையும் ஏற்குமுன் நாம் மூன்றைக் கேட்போம்: பட்டியல் எங்கிருந்து வந்தது? எத்தனை பேரிடம் கேட்டனர்? விடுபட்டோர் யார்?