மருந்துப் பையில் பெயர் இருக்கிறதா?

அம்மாவுக்குப் பெனிசிலின் ஆகாது. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தாமானில் புதிதாகத் திறந்த கிளினிக்குக்குத் தெரியாது. தொண்டை வலி என்று போனார். நல்ல குளிர்சாதனம், மெத்தென்ற நாற்காலி, பத்தே நிமிடத்தில் அழைத்துவிட்டார்கள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று முகப்பிலும் கேட்கவில்லை, உள்ளே டாக்டரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. இரவுக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கிவிட்டது.

மருத்துவமனை அவசரப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து சாப்பிட்டார்?" பிளாஸ்டிக் பையை நீட்டினேன். 'காலை 1, இரவு 1' என்று பேனாவில் எழுதியிருந்ததே தவிர, மருந்தின் பெயர் இல்லை. கிளினிக்கும் பூட்டியிருந்தது. மறுநாள் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் அமோக்சிசிலின் என்று தெரிந்தது. அதுவும் பெனிசிலின் குடும்பம்தான்.

நம் நாட்டில் தனியார் கிளினிக்குக்குப் போனால் மருந்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வருகிறோம். டாக்டர் எழுதியதைச் சரிபார்க்க மருந்தாளர் என்ற இரண்டாவது கண் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் பையில் ஒட்டும் லேபல் சாதாரண விஷயமல்ல. நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, தேதி, கிளினிக்கின் பெயர், முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். முகப்பில் நின்றே படித்துப் பாருங்கள். இல்லையென்றால், "பேரை எழுதிக் குடும்மா" என்று கேளுங்கள். நான் இப்போது போகிற இடமெல்லாம் கேட்கிறேன். இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை.

அடுத்தது டாக்டர். பெயர்ப் பலகையில் இருப்பவர் ஒருவர், ஞாயிறு இரவில் உள்ளே உட்கார்ந்திருப்பவர் வேறொருவர். 'லோக்கம்' என்பார்கள். தவறில்லை. ஆனால் அவரும் மலேசிய மருத்துவ மன்றத்திடம் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பித்திருக்க வேண்டும். மன்றத்தின் 'மெரிட்ஸ்' இணையத் தேடலில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

வேலைக்குப் போகும் இளையோர் பலர் கம்பெனி பேனல் பட்டியலைப் பார்த்து, பக்கத்தில் இருப்பதற்குப் போய்விடுகிறார்கள். பேனல் என்பது பில்லை யார் கட்டுவது என்ற ஏற்பாடுதான், தரத்துக்குச் சான்றல்ல. இணையத்தில் கொடுக்கும் நட்சத்திரங்களும் பாதி கார் நிறுத்துமிடத்தைப் பற்றியவை.

நான் கவனிப்பது கேள்விகளைத்தான். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், இனிப்பு நீர் உண்டா, எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்கிறாரா? சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் விளக்குகிறாரா? அப்படிப்பட்டவரைத்தான் நம்மவர்கள், "ஒரு ஊசிகூடப் போடல" என்று குறை சொல்லிவிட்டு வருகிறார்கள். ஊசி அவசியமென்றால், புது உறையை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். போட்டதும் அது நேரே மஞ்சள் பெட்டிக்குள் போக வேண்டும்.

குறை இருந்தால் முதலில் கிளினிக்கிலேயே சொல்லலாம். பதில் சரியில்லையென்றால் மாநில சுகாதாரத் துறையில் தனியார் கிளினிக்குகளைக் கண்காணிக்கும் பிரிவு இருக்கிறது. டாக்டரின் நடத்தை பற்றியதென்றால் மருத்துவ மன்றம்.

அடுத்த வாரம் அந்தக் கிளினிக்குக்கே போனேன். டாக்டர் அம்மாவின் அட்டையை எடுக்கச் சொல்லி, மேலே சிவப்பு மையில் 'பெனிசிலின்' என்று எழுதினார். மருந்துப் பையைப் பற்றிக் கேட்டேன். பதில் வரவில்லை. அரசு மருத்துவமனை கொடுத்த ஒவ்வாமை அட்டை இப்போது அம்மாவின் பர்சில், அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. கிளினிக்கையும் மாற்றிவிட்டோம். அங்கே முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறார்.