சிக்னலில் நின்றால் குலுங்கும், ஆஃப் ஆகும் பழைய கார்: பார்ட்ஸ் மாற்றும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "ஓடும்போது ஒண்ணும் தெரியல. சிக்னல்ல நின்னா சீட், ஸ்டீயரிங் எல்லாம் குலுங்குது. ஏசி போட்டா இஞ்சினே ஆஃப் ஆயிடுது." ஒர்க்‌ஷாப்பில் விட்டால் முதலில் பிளக் மாறும், அடுத்து ஒரு சென்சார், அதற்கடுத்து ஃப்யூவல் பம்ப். பில் ஏறிக்கொண்டே போகும். குலுக்கல் அப்படியே இருக்கும்.

பணம் மட்டுமல்ல, பாதுகாப்பும் இதில் இருக்கிறது. ஓடும்போது இஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் திடீரெனக் கனமாகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு முறை அழுத்தத்தான் போதும். ஃபிளைஓவர் நடுவில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நின்றால் மட்டும் ஏன் குலுங்குது?

ஐடிலில் இஞ்சின் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 முறை சுற்றும். அப்போது காற்று நுழையும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். உள்ளே போகும் காற்று ரொம்பக் குறைவு என்பதால், ஒரு சின்ன ரப்பர் ஹோஸில் விரிசல் விட்டு உள்ளே வரும் கூடுதல் காற்றுகூட கலவையைக் கெடுத்துவிடும். 2,500 ஆர்பிஎம்மில் அதே லீக் மொத்தக் காற்றில் சொற்பம், அதனால் தெரியாது.

பெட்ரோல் எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று, பெட்ரோல், ஸ்பார்க் ஆகிய மூன்றில் எது சரியில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

எப்போது குலுங்குது என்பதைக் குறித்துவையுங்கள்

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் மூன்று நாள் போனில் நோட் பண்ணுங்கள். இதற்குச் செலவே இல்லை.

- ஐடிலில் மட்டும் குலுக்கல், வேகத்தில் ஸ்மூத்: ஏர் லீக், அல்லது த்ராட்டில் பாடியில் கார்பன் படிவு.
- ஏசி போட்டால், ஸ்டீயரிங் திருப்பினால் ஆஃப்: கூடுதல் பாரத்துக்கு ஏற்ப ஐடிலை உயர்த்த முடியவில்லை. ஐடில் கன்ட்ரோல் வால்வ், த்ராட்டில் பாடி பக்கம் பாருங்கள்.
- மேட்டில் ஏறும்போது, பாரம் அதிகமானால் மிஸ்ஸிங்: பிளக், காயில்.
- ஹைவே வேகத்தில் இழுவை இல்லை: ஃப்யூவல் ஃபில்டர் அடைப்பு, பம்ப் பிரஷர் குறைவு.
- சூடானால் ஆஃப், ஆறினால் ஸ்டார்ட்: கிராங்க் சென்சார், காயில், பம்ப்.
- காலையில் மட்டும்: கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் தவறான அளவு காட்டலாம்.

சிஎன்ஜி கிட் இருந்தால் இன்னொரு சுலபமான சோதனை உண்டு. பெட்ரோலில் மட்டும் குலுங்கினால் இன்ஜெக்டர், ஃபில்டர், பம்ப் மேல்தான் முதல் சந்தேகம். சிஎன்ஜியில் மட்டும் மிஸ் ஆனால், கிட்டின் டியூனிங்கோடு பிளக், காயிலையும் பாருங்கள். சிஎன்ஜியைப் பற்றவைக்க வலுவான ஸ்பார்க் வேண்டும். பலவீனம் அங்கேதான் முதலில் தெரியும்.

பியூசி சீட்டில் ஒளிந்திருக்கும் டேட்டா

பெரும்பாலானோர் பியூசி சீட்டில் 'பாஸ்' என்பதை மட்டும் பார்ப்பார்கள். அதிலுள்ள இரண்டு எண்களைப் பாருங்கள். பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் வரம்பு 200 பிபிஎம்.

ஹைட்ரோகார்பன் என்பது எரியாத பெட்ரோல். அது மட்டும் எகிறி, கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்தால் மிஸ்ஃபயர் என்று சந்தேகிக்கலாம். கார்பன் மோனாக்சைடு அதிகமென்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: இன்ஜெக்டர் கசிவு, ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது சென்சார் கோளாறு. வரம்புக்குள் இருந்தாலும் பழைய சீட்டோடு ஒப்பிடுங்கள். எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே ஒரு தகவல்.

ஸ்கேனர் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பிஎஸ்-4 கார்களில் ஓபிடி-2 கட்டாயம். அதற்கு முந்தைய பல கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே அந்த போர்ட் இருக்கும். புளூடூத் அடாப்டர் வாங்கி போனிலேயே பார்க்கலாம்.

பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் உள்ள காரில், இஞ்சின் ஆறிய பிறகு இரண்டாவது காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட் பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும்.

பி0171 வந்தால் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டாம். கலவையில் காற்று அதிகம் என்றுதான் அந்தக் கோட் சொல்கிறது. ஏன் என்று சொல்லாது. அதற்கு ஆப்பில் 'ஃப்யூவல் ட்ரிம்' பாருங்கள். பிளஸ் அல்லது மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐடிலில் பிளஸ் 20, ஆனால் 2,500 ஆர்பிஎம்மில் 5 என்று இறங்கினால் ஏர் லீக். பாரம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் சப்ளை போதவில்லை. லீக் எங்கே என்று பார்க்க ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் தெளித்துப் பார்க்க யாரையும் விடாதீர்கள்.

எல்லாத்துக்கும் இ20 காரணமா?

2025-ல் நாட்டின் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியதாக அரசு அறிவித்த பிறகு, எந்தக் கோளாறுக்கும் 'இ20' என்ற பதில் வருகிறது. எத்தனால் எரிய ஒரு பங்குக்குச் சுமார் 9 பங்கு காற்று போதும். ஆகவே இ20-க்கு, அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிக எரிபொருள் வேண்டும். இன்ஜெக்ஷன் கார்களில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கவனித்து கம்ப்யூட்டர் சரிசெய்யும். கார்புரேட்டர் காரில் அந்த வசதி இல்லை, டியூனிங்தான் வழி.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கேற்ப வடிவமைக்காத பழைய ரப்பர் பாகங்களைப் பாதிக்கவும் செய்யலாம். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த கார் என்றால் பெட்ரோலையும் சந்தேகியுங்கள். தினமும் ஓடும் காரில் மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிட்டு அதற்கு வாருங்கள்.

எப்போது ஓட்டவே கூடாது?

செக் இஞ்சின் லைட் விட்டுவிட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலை காயிலைவிடப் பல மடங்கு. பெட்ரோல் வாடை வந்தாலும் இதே விதிதான்.

ஓடும்போதே ஆஃப் ஆனால் ஹசார்ட் லைட் போடுங்கள். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை முழுக்கத் திருப்பி எடுக்காதீர்கள். ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும்.

மெக்கானிக்கிடம் போகும்போது மூன்று நாள் நோட், பியூசி சீட்டுகள், கோட், ட்ரிம் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். "இந்த பார்ட் போச்சுன்னு எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பில்லுக்கு ஓகே சொல்லலாம்.